ரேடியேட்டர் மூடி

ரேடியேட்டர் மூடி என்பது நீரால் குளிர்விக்கப்படும் வாகன எஞ்சினின் குளிர்விப்பு அமைப்பை அடைத்து, அதன் உள்ளழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு ஆகும். பார்வைக்குச் சாதாரண மூடி போலத் தோன்றினாலும் இது ஒரு வால்வு. சரியாகச் சொன்னால், எதிரெதிர்த் திசைகளில் திறக்கும் இரண்டு வால்வுகள் இதற்குள் அடங்கியுள்ளன. சில நூறு ரூபாய் விலையுள்ள இந்த மூடி பழுதானால் எஞ்சின் கொதித்துவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இதைத் திறந்தால் முகமும் கைகளும் வெந்துபோகும்.

அழுத்தம் ஏன் தேவை

ஓடும் கார் எஞ்சினில் கூலன்ட் எனப்படும் குளிர்விப்பு நீர்மம் பெரும்பாலும் 85 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொதித்து எழும் ஆவிக்குமிழிகள், நீர்மத்தைப் போல உலோகத்தின் வெப்பத்தை இழுத்துக்கொள்வதில்லை. குமிழி நிற்கும் இடத்தில் சிலிண்டர் ஹெட் அளவுக்கு மீறிச் சூடாகி வளையலாம்; ஹெட் கேஸ்கெட் போய்விடலாம்.

இதைத் தவிர்க்க, சமையலறை பிரஷர் குக்கரில் 'வெயிட்' செய்யும் வேலையையே காரில் ரேடியேட்டர் மூடி செய்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 88 கிலோபாஸ்கல் கூடுதலாக உள்ளே தேக்கிவைத்தால், தண்ணீரின் கொதிநிலை சுமார் 118 டிகிரிக்கு உயரும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட்டுக்கு இது இன்னும் சில டிகிரி கூடும்.

மலைப்பாதைகளில் இந்த வேறுபாடு நன்கு தெரியும். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினின் இயல்பான வெப்பநிலையே அதுதான். மூடி சரியாக இருந்தால் அங்கும் கொதிநிலை 114 டிகிரி அளவில் நிற்கும். சமவெளியில் தொந்தரவு தராத பழைய மூடி, கொண்டை ஊசி வளைவுகளில் கீழ் கியரில் ஏறும்போது தன் பழுதைக் காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

தொடக்ககாலக் கார்களில் இந்த மூடி வெறும் மூடியாகவே இருந்தது. 1911 முதல் ரோல்ஸ் ராய்ஸ் கார்களை அலங்கரிக்கும் பெண்ணுருவச் சிலை அன்று நின்றதும் ரேடியேட்டர் மூடியின் மேல்தான். அழுத்தத்தைத் தாங்கும் மூடிகள் பின்னரே பரவலாயின.

அமைப்பும் செயல்பாடும்

மூடியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சுருள்வில்லும், அதன் முனையில் ரப்பர் வாஷர் பொருத்திய தட்டும் தெரியும். இது அழுத்த வால்வு. ரேடியேட்டர் கழுத்தின் உட்புற விளிம்பில் இது அழுந்தி உட்கார்ந்திருக்கும். கூலன்ட் சூடாகி விரிந்து, குறித்த அளவைவிட அழுத்தம் மிகுந்தால் வில் மேலே தள்ளப்படும். மிகுதியான கூலன்ட் கழுத்திலுள்ள சிறு குழாய் வழியாக ரிசர்வ் பாட்டிலுக்குப் போகும்.

தட்டின் நடுவே காசு போன்ற ஒரு சிறு வால்வு உண்டு. இது வெற்றிட வால்வு. வண்டியை நிறுத்தியபின் கூலன்ட் ஆறிச் சுருங்கும்போது உள்ளே அழுத்தம் குறையும். அப்போது இது திறந்து, வெளியேறிய கூலன்ட்டைப் பாட்டிலிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும்.

பல கார்களில் ரேடியேட்டரின் மேல் மூடியே இருக்காது. அவற்றில் பிளாஸ்டிக் விரிவுத் தொட்டியும் அழுத்தத்துக்கு உள்ளாகிறது. அதன் திருகு மூடியே அழுத்த மூடி. பிளாஸ்டிக் தொட்டி என்பதால் ஆபத்தில்லை என்று நினைத்து இதைத் திறப்பவர்கள் உண்டு. தடித்த ஹோஸ் இணைந்து, திருகு மூடியில் எச்சரிக்கைப் படமும் இருந்தால் அது அழுத்தத் தொட்டி. ஒல்லியான குழாயும் எளிதில் கழலும் மூடியும் கொண்டது பெரும்பாலும் அழுத்தமில்லாத ரிசர்வ் பாட்டில்.

சூடாக இருக்கும்போது திறந்தால்

உள்ளே 115 டிகிரியில் இருக்கும் தண்ணீர் கொதிக்காமல் இருப்பதற்கு ஒரே காரணம் மூடி அதை அழுத்திப் பிடித்திருப்பதுதான். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் நீங்கும். நீர் முழுவதும் ஒரே நேரத்தில் கொதிக்கத் தொடங்கும். 5 லிட்டர் தண்ணீர் 115 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு இறங்குகையில், கணக்குப்படி அதில் ஏறக்குறைய 3 விழுக்காடு ஆவியாகும். அதாவது ஒரு டம்ளருக்கும் குறைவான நீர். ஆனால் நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிவதால், அது 200 லிட்டருக்கு மேற்பட்ட நீராவியாகிறது. ஒரு பெரிய எண்ணெய் டிரம் கொள்ளும் அளவு. இது வெளியேற இருப்பது சில சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே வாய். எஞ்சிய கொதிநீரையும் தள்ளிக்கொண்டு, மேலே குனிந்திருப்பவரின் முகத்தை நோக்கியே அது பாய்கிறது.

குக்கரைச் சத்தம் அடங்குமுன் எவரும் திறப்பதில்லை. ரேடியேட்டர் விசிலடிப்பதில்லை என்பதுதான் சிக்கல். வெப்பமானியின் முள்ளையும் முழுமையாக நம்ப முடியாது: கூலன்ட் வெகுவாக ஒழுகிப்போயிருந்தால் உணரி காற்றில் நின்று, உண்மையைவிடக் குறைந்த வெப்பத்தைக் காட்டக்கூடும்.

வழியில் எஞ்சின் கொதித்தால் ஏசியை நிறுத்தி, ஓரமாக ஒதுங்கி எஞ்சினை அணைக்க வேண்டும். பானெட் இடுக்கில் ஆவி வந்தால் அது அடங்கும்வரை பானெட்டையும் திறக்கக் கூடாது. பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். மின்விசிறி எஞ்சின் நின்ற பின்னும் தானாகச் சுழலக்கூடும் என்பதால் கையை அருகில் கொண்டுபோகக் கூடாது. தடித்த துணியைச் சுற்றி மேல் ஹோஸை அழுத்திப் பார்த்தால், விறைப்பாக இருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று பொருள். துணி போட்டு மூடியைச் 'கொஞ்சம் கொஞ்சமாக' திறக்கும் பழக்கம் மெக்கானிக்குகளிடமும் காணப்படுகிறது. பாயும் கொதிநீரைத் துணி தடுக்காது, நனைந்து கையோடு ஒட்டிக்கொள்ளும். கொதித்த எஞ்சினில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கவும் கூடும்.

கொதிநீர் பட்டுவிட்டால் அந்த இடத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, மாவு எதையும் பூசக் கூடாது. முகம், கண் என்றால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பழுதின் அறிகுறிகள்

வில் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ அழுத்தம் நிற்காது. எங்கும் ஒழுகல் தெரியாமலே கூலன்ட் குறையும், மூடியைச் சுற்றி உலர்ந்த கறை படியும். வெற்றிட வால்வு அடைத்துக்கொண்டால், வண்டி ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். பாட்டிலுக்குப் போன கூலன்ட் திரும்பாது. ஐயம் இருந்தால், கைப்பம்பும் அழுத்தமானியும் கொண்ட சோதனைக் கருவியில் மூடியைப் பொருத்தி, குறித்த அழுத்தத்தில் அது நிற்கிறதா என்று பணிமனையில் பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றுதல்

மூடியின் மேல் 0.9, 1.1, 88, 108 என ஏதேனும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 0.9 என்பதும் 88 கிலோபாஸ்கல் என்பதும் ஒரே அழுத்தம், 1.1 என்பது 108 கிலோபாஸ்கல். புதிய மூடிக்கும் கையேட்டில் சொன்ன எண்ணே இருக்க வேண்டும். கூடுதல் எண் உள்ள மூடி 'ஸ்ட்ராங்' என்று கடையில் சொல்லப்படுவதுண்டு. அந்தக் கூடுதல் அழுத்தத்தைப் பழைய ஹோஸ்களும் பிளாஸ்டிக் தொட்டியும் தாங்க வேண்டியிருக்கும், விரிசல் அங்கேதான் விழும். கழுத்தின் ஆழத்துக்குப் பொருந்தாத மூடி, எண் சரியாக இருந்தாலும் அடைக்காது.

மாற்றும் வேலை சில நிமிடங்களே. எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கையில், இரவு முழுதும் நின்ற வண்டியில் செய்வது நல்லது. பழைய மூடியை அழுத்தித் திருகிக் கழற்றி, கழுத்தின் உள்விளிம்பைத் துணியால் துடைத்து, அதில் பள்ளமோ துருவோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். விளிம்பு கெட்டிருந்தால் புதிய மூடியாலும் பயனில்லை. கூலன்ட் குறைந்திருந்தால் அதே வகையை நிரப்பி, புதிய மூடியைக் கடைசிப் பூட்டு வரை திருக வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு என்பதால், தரையில் சிந்தியதைக் குழந்தைகளோ நாயோ நெருங்குமுன் கழுவிவிட வேண்டும். மறுநாள் காலை பாட்டிலில் கூலன்ட் பழைய குறிக்கு வந்திருந்தால் இரண்டு வால்வுகளும் வேலை செய்கின்றன.