பத்து நாட்டாரும் ஒரு பலகையும்

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்றைய ஆஸ்திரியாவின் ஸ்டீரியா பகுதியில், பெயர் தெரியாத ஓவியர் ஒருவர் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் 'ஃபோல்கர்டாஃபெல்', அதாவது மக்களினங்களின் அட்டவணை, என அழைக்கப்படுகிறது. அதன் மேல்வரிசையில் ஸ்பானியர் முதல் துருக்கியர் வரை பத்து ஐரோப்பிய இனத்தார் தத்தம் உடையில் நிற்க, கீழுள்ள கட்டங்களில் அவரவர் நடத்தை, அறிவு, பொழுதுபோக்கு ஆகியவற்றோடு, எந்த விலங்கை ஒத்தவர், எவ்வாறு உயிர் துறப்பவர் என்பதுகூட எழுதப்பட்டுள்ளது. ஸ்பானியர் யானையாகவும் பிரெஞ்சுக்காரர் நரியாகவும் ஆங்கிலேயர் குதிரையாகவும் காட்டப்பட, சிங்கம் ஜெர்மானியருக்கே ஒதுக்கப்பட்டது. எனினும் அட்டவணையை ஜெர்மன் மொழியில் எழுதியவர் தம் மக்களையும் விட்டுவைக்காமல், அவர்களுக்கு மதுவிலேயே முடிவு என்று குறித்தார். ஆங்கிலேயருக்கு முடிவு நீரில், ரஷ்யருக்குப் பனியில். மேற்கிலிருந்து கிழக்கே செல்லச் செல்லப் பாராட்டு குறைந்து பழிப்பு மிகுவதும், துருக்கியரும் அன்று அவர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கிரேக்கரும் ஒரே கட்டத்தில் அடைக்கப்பட்டிருப்பதும் இந்த நகைச்சுவைக்குள் இருக்கும் அநீதியைத் தெளிவாகவே காட்டுகின்றன. ஒரு நாட்டாரின் இயல்பு இதுதான் என்ற பொதுக் கருத்துக்கும் அந்நாட்டு மக்களின் உண்மையான ஆளுமைப் பண்புகளுக்கும் பெரும்பாலும் பொருத்தமில்லை என, 49 பண்பாடுகளை ஒப்பிட்டு 2005இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு கண்டறிந்தது.