சோளிங்கர் குளமும் பாகாயத்து வாசலும்

தறி ஓடும் ஊரான பொதட்டூர்பேட்டையில் ஒரு வீட்டில் ஒருவருக்கு ராத்தூக்கம் போய், தனக்குத்தானே பேச்சு வந்து, சோற்றை ஒதுக்க ஆரம்பித்தால் முதலில் விபூதியும் வேப்பிலையும்தான் வரும். அதற்கும் அடங்கவில்லை என்றால் பெரியவர்கள் வாயில் மூன்று ஊர்ப் பெயர்கள் அடிபடும்: சோளிங்கர், கீழ்ப்பாக்கம், வேலூர். மனநோயை நாம் பார்த்துவந்த விதங்கள் எல்லாம் இந்த மூன்று ஊர்களுக்குள் அடங்கிவிடும்.

சோளிங்கர் பக்கத்து ஊர். பெரிய மலையில் யோக நரசிம்மர், சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். காத்து கருப்பு அண்டியவர்கள் என்று ஊர் சொல்பவர்களை அழைத்துவந்து, தக்கான்குளத்தில் முழுகவைத்து, படியேற்றி, ஒரு மண்டலம் உடனிருந்து பார்த்துக்கொள்வது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இதேபோல் மனநோயாளிகள் வந்து தங்கும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் இருந்த 31 பேரை பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமின் குழு ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது. பெரும்பாலோருக்குக் கடுமையான மனச்சிதைவு. மாத்திரை இல்லை, பெரிதாகச் சடங்கும் இல்லை. வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க, கோயில் வேலையில் கைகொடுத்துச் சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோயின் கடுமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆனாலும் மிரட்டாத இடமும் கூட இருக்கும் உறவும் நோயாளிக்கு என்ன செய்யும் என்பதை அது காட்டியது.

உறவு விலகிய இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஏர்வாடி காட்டியது. தர்காவை நம்பி வந்தவர்களைக் காசு வாங்கிக்கொண்டு கொட்டகைகளில் அடைத்துவைத்த தனியார் காப்பகங்கள் அங்கே முளைத்திருந்தன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அப்படியொரு கொட்டகையில் தீப்பிடித்தது. காலில் சங்கிலி. ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மறுவாரமே அரசு அந்தக் காப்பகங்களை மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

இந்தச் சங்கிலிக்கு நாட்டுப்புற நம்பிக்கையை மட்டும் குறை சொல்ல முடியாது. சென்னையில் 1794-இலேயே கம்பெனி மருத்துவர் வாலன்டைன் கானலி ஒரு பைத்தியக்கார விடுதி நடத்தினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசு விடுதி திறந்தது. நோயாளியை ஊரிடமிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதுதான் அன்றைய ஐரோப்பாவின் நாகரிக வழி. உள்ளே போனவர்களில் பலரை அழைத்துப்போக யாரும் வரவில்லை. 1950-களில் குளோர்புரோமசின் மாத்திரை வந்த பிறகுதான் வீடு திரும்பலாம் என்ற பேச்சே எழுந்தது. 1961 முதல் 1978 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், குணமானவர்கள் வாழ வழி தேடி ஓயாமல் உழைத்தார். ஓய்வு பெற்ற பின் 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ‘ஸ்கார்ஃப்’ அமைப்பையும் தொடங்கினார். அந்த அம்மையாருக்கு இந்த மாநிலம் நிறையக் கடன்பட்டிருக்கிறது.

வேலூர் வேறு பாதையில் போனது. சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையம் 1957-இல் தொடங்கியது முதல் அங்கே ஓர் ஏற்பாடு உண்டு: நோயாளியோடு உறவினர் ஒருவரும் தங்க வேண்டும். நோய் என்ன, மாத்திரை எதற்கு, எந்த அறிகுறி தெரிந்தால் திரும்ப வர வேண்டும் என்று அவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் அம்மாக்கள் செய்துவந்த காரியத்துக்கு மருத்துவம் துணை சேர்ந்தது இங்கேதான்.

இன்று சட்டம் நோயாளியின் பக்கம் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்ச்சி தரக் கூடாது என்கிறது. ஆனால் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரருக்குத் தடை வேறு இடத்தில் இருக்கிறது. விசைத்தறியில் நெய்த அளவுக்குத்தான் கூலி. வேலூருக்குப் போய்வர ஒரு பகல் முழுதும் போகும். தனியாக அனுப்ப முடியாது, கூட ஓர் ஆள் போக வேண்டும். வீட்டில் இரண்டு பேர் கூலி போய்விடும். இரண்டு மாதம் போவார்கள். தூக்கம் வந்துவிட்டது, முகம் தெளிந்துவிட்டது, இனி எதற்கு என்று மூன்றாம் மாதம் மாத்திரை நின்றுவிடும். நோய் திரும்பும்போது மறுபடியும் ‘செய்வினை’ என்ற பேச்சுக் கிளம்பும்.

2015–16 தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. 14416 என்ற ‘டெலி மனஸ்’ அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தறிப்பட்டறைச் சுவர்களில் அந்த எண்ணை எழுதிவைக்கலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மனநோய் மாத்திரையும் அதே கையால், மாதம் தவறாமல், தறிக்காரர் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.