தோள் தசைநாண் கிழிவு அறுவை முறைகள்

தோள் தசைநாண் கிழிவு அறுவை என்பது, தோள் மூட்டில் எலும்பை விட்டுக் கிழிந்து விலகிய தசைநாணை மீண்டும் எலும்புடன் இணைக்கும் அறுவை மருத்துவம் ஆகும். தசையை எலும்புடன் பிணைக்கும் உறுதியான இழைக்கற்றையே தசைநாண் எனப்படும்.

உடற்கூறு

தோள்பட்டை எலும்பில் தொடங்கும் நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றிணைந்து, மேற்கை எலும்பின் தலையை உறை போலச் சூழ்கின்றன. இவ்வமைப்பு ரொட்டேட்டர் கஃப் எனப்படுகிறது. கையை உயர்த்தும்போதும் சுழற்றும்போதும் எலும்பின் தலை குழியை விட்டு விலகாமல் இது காக்கிறது. இவற்றுள் மேற்புறத்திலுள்ள சுப்ராஸ்பினேட்டஸ் தசையின் நாணே பெரும்பாலும் கிழிகிறது. வயது முதிர்வால் நாண் நலிவதும், கீழே விழுதல் போன்ற விபத்துகளும் முதன்மைக் காரணங்கள்.

அறுவை முறைகள்

* திறந்த முறை: அமெரிக்க மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன் 1911 இல் இம்முறையை விவரித்தார். இதில் தோளின் மேலுள்ள டெல்டாய்டு தசையின் ஒரு பகுதி எலும்பிலிருந்து பிரிக்கப்படுவதால், அத்தசை வலுவிழக்கக்கூடும்.
* சிறுதிறப்பு முறை: சில சென்டிமீட்டர் நீள வெட்டின் வழியே டெல்டாய்டு தசையின் இழைகளை விலக்கி நாண் தைக்கப்படுகிறது.
* ஆர்த்ரோஸ்கோப்பி முறை: சிறு துளைகள் வழியே ஒளிப்படக் கருவியும் அறுவைக் கருவிகளும் செலுத்தப்படுகின்றன. நூல் கோத்த சிறு நங்கூரங்கள் எலும்பில் பதிக்கப்பட்டு, அந்நூலால் நாண் தைக்கப்படுகிறது.

நங்கூரங்களை ஒரே வரிசையில் பதிப்பது ஒற்றை வரிசைத் தையல். இரு வரிசைகளில் பதிப்பது இரட்டை வரிசைத் தையல். பின்னது நாணை அகன்ற பரப்பில் எலும்போடு அழுத்துகிறது. ஆனால் செலவும் நேரமும் கூடும். சிறு கிழிவுகளில் இரண்டிற்கும் இடையே கையின் செயல்திறனில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

ஒப்பீடு

ஐக்கிய இராச்சியத்தில் 273 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் திறந்த முறைக்கும் ஆர்த்ரோஸ்கோப்பி முறைக்கும் இடையே வலியிலோ செயல்திறனிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு பிரிவுகளிலும் பலருக்கு நாண் மீண்டும் கிழிந்திருந்தது. நாண் எலும்போடு நன்கு பொருந்தியவர்களே கூடுதல் பயன் பெற்றனர். எனவே வெட்டின் அளவை விடக் கிழிவின் அளவு, நாணின் தரம், நோயாளியின் வயது ஆகியனவே விளைவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன எனலாம்.

மீட்சி

தைத்த நாண் எலும்போடு ஒட்டப் பல மாதங்கள் ஆகும். வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் கை தூளியில் தொங்கவிடப்படும். பின்னர் இயன்முறைப் பயிற்சி தொடங்கும். எம்முறையில் செய்தாலும் இக்காலம் பெரிதும் குறைவதில்லை. நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு போன்ற பகுதிகளில் தேயிலைத் தோட்டத்திலும் காய்கறி நிலத்திலும் உழைப்பவருக்கு இது பல மாத வேலை இழப்பு ஆகும். தழும்பு சிறியது என்பதால் முன்னதாகவே சுமை தூக்கினால் தையல் மீண்டும் கிழியக்கூடும். எல்லாக் கிழிவுகளுக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. வயது முதிர்வால் ஏற்படும் சிறு கிழிவுகளுக்குப் பெரும்பாலும் முதலில் இயன்முறை மருத்துவமே அளிக்கப்படுகிறது.