உலோகக்கலவையின் ஆவியை அளக்கும் கலம்

சூடேறிய உலோகத்திலிருந்து, அது உருகும் முன்பே, அணுக்கள் சிறிதளவு ஆவியாகிக்கொண்டிருக்கும். கலவையில் ஓர் உலோகத்தின் அணுக்களை மற்றது எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறதோ, அந்த அளவுக்கு ஆவி குறையும். ஆகவே ஆவியழுத்தத்தை அளந்தால் பிணைப்பின் வலிமையைக் கணக்கிடலாம். இதற்குப் பயன்படும் க்னுட்சன் கலம், சிறு துளைவழி வாயு கசிவதை 1909-இல் ஆராய்ந்த டென்மார்க் இயற்பியலாளர் மார்ட்டின் க்னுட்சனின் பெயரைத் தாங்கியது.

கலத்தின் மூடியில் ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ அகலமுள்ள துளை. உள்ளே கலவைத் துண்டு. சுற்றிலும் வெற்றிட உலை. துளை சிறியதாக இருப்பதால் கசிவு உள்ளிருக்கும் சமநிலையைக் குலைப்பதில்லை. அழுத்தம் சுமார் 10 பாஸ்கலுக்குள் இருக்கும்வரை அணுக்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று மோதாமல் வெளியேறுகின்றன. அவற்றை நிறை நிறமாலைமானி அயனியாக்கி, நிறைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது. ஒவ்வொரு தனிமத்தின் ஆவியும் தனித்தனியே தெரிவதுதான் இம்முறையின் பெரும்பலம்.

கலவையின் மேலுள்ள ஓர் உலோகத்தின் ஆவியழுத்தத்தை, அதே வெப்பநிலையில் தூய உலோகத்தின் ஆவியழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 'செயலூக்கம்'. நிக்கலும் அலுமினியமும் அணு எண்ணிக்கையில் சரிபாதியாகச் சேர்ந்த கலவையில் அலுமினியத்தின் செயலூக்கம், அதன் பங்கான 0.5-ஐவிட மிகமிகக் குறைவு. இரண்டும் அவ்வளவு வலுவாகப் பிணைந்துள்ளன.

உண்மையான சோதனை வெப்பநிலையில்தான் இருக்கிறது. ஆவியாதல் வெப்பம் மோலுக்கு 300 கிலோஜூல் உள்ள உலோகத்தை 1500 கெல்வினில் அளக்கும்போது 10 கெல்வின் பிழை நேர்ந்தால், அழுத்தம் ஏறத்தாழ 16 விழுக்காடு தவறிவிடும். அதனால் தூய உலோகத்தையும் கலவையையும் ஒரே உலையில் பக்கத்துப் பக்கத்துக் கலங்களில் வைத்து ஒப்பிடுவது நல்ல ஏற்பாடு. இரண்டுக்கும் பொதுவான பிழைகள் பெரும்பாலும் விகிதத்தில் நீங்கிவிடும். வெள்ளி 961.78, தங்கம் 1064.18 பாகை செல்சியசில் உறைவதை வைத்து வெப்பமானியையும் சரிபார்க்கலாம்.

கலத்தின் சுவரும் தொல்லை தரும். உருகிய இரும்பு கிராஃபைட் கலத்தின் கார்பனைக் கரைத்துக்கொள்ளும். அலுமினியம் அலுமினாக் கலத்தோடு வினைபுரிந்து வேறோர் ஆவியைத் தரும். எனவே கலத்துக்கான பொருளைக் கலவைக்கேற்பத் தேர்வது பாதி வேலை.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இம்முறையால் இரும்பு, நிக்கல், மாங்கனீசு ஆகியவை டெலூரியத்துடன் சேர்ந்த சேர்மங்கள் ஆராயப்பட்டுள்ளன. அணுப்பிளவில் உண்டாகும் டெலூரியம் எரிபொருளின் எஃகு உறையைத் தாக்கக்கூடியது. எந்த நிலையில் தாக்கும் என்பதைக் கணக்கிட, செயலூக்கத்தின் மடக்கையிலிருந்து பெறப்படும் கிப்ஸ் ஆற்றல் (ஒரு வினை தானாக நடக்குமா என்பதைக் காட்டும் அளவு) தேவை.