நிலக்கரிச் சுரங்கமும் நிலத்தடி நீரும்

முன்னுரை

நிலக்கரி என்றவுடன் தமிழகத்தார் நினைவுக்கு வருவது நெய்வேலி. அங்குப் பழுப்பு நிலக்கரி திறந்தவெளியில் அகழப்படுகின்றது. படிவத்தின் கீழே பேரழுத்தத்துடன் அடங்கியுள்ள நீரை இடையறாது இறைத்தால்தான் சுரங்கத்தின் அடித்தரை வெடிக்காமல் நிற்கும். ஆகவே, சுரங்கத்திற்கும் நீருக்கும் உள்ள போராட்டம் நமக்குப் புதியதன்று.

ஜார்க்கண்டு மாநிலத்தில் தன்பாத் நகரைச் சூழ்ந்துள்ள ஜரியா நிலக்கரிப் பகுதியின் நிலை சற்றே வேறானது. தாமோதர் ஆற்றுப் படுகையில் அமைந்த அப்பகுதியில், திறந்தவெளிச் சுரங்கங்களோடு, நிலத்தைக் குடைந்து செல்லும் சுரங்கங்களும் நூறாண்டுகளுக்கு மேலாக இருந்து வருகின்றன. மேலே ஊர்களும் கிணறுகளும். கீழே சுரங்க வழிகள். இரண்டிற்கும் இடையே கண்ணுக்குப் புலனாகாத நீர். அந்நீரின் மட்டத்தையும் தன்மையையும் எவ்வாறு அறிவது, ஏன் அறிய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரங்கம் நீரை ஈர்க்கும் முறை

நிலத்தடியில் நீர் ஒரே தேக்கமாக இருப்பதில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கில் தங்கும் நீரே ஊர்க்கிணறுகளில் ஊறுகின்றது. அதன் கீழுள்ள மணற்கல் அடுக்குகளின் நுண்துளைகளிலும் வெடிப்புகளிலும் வேறொரு நீர் அழுத்தத்துடன் அடங்கியிருக்கும். நிலக்கரியை வெட்டும்போது கூரையைத் தாங்குவதற்காகத் தூண்களை விட்டுச் செல்வர். பின்னர் அத்தூண்களையும் வெட்டி எடுக்கும்போது கூரை சரிகின்றது; சரிவினால் உண்டாகும் வெடிப்புகள் மேல் அடுக்குகளை நோக்கிப் படர்கின்றன. அவ்வழியே நீர் சுரங்கத்துள் வடிய, நீரேற்றும் பொறிகள் அதனை வெளியேற்றுகின்றன. வெடிப்பு மேலடுக்கை எட்டுமாயின் கிணற்று நீர் தாழும்.

இந்நீர் உயிரையும் பறிக்கவல்லது. 1975 டிசம்பர் 27 அன்று, ஜரியா பகுதியைச் சேர்ந்த சாஸ்நாலா சுரங்கத்தில், பழைய சுரங்கவெளியில் தேங்கியிருந்த நீர் தடுப்பை உடைத்துப் பாய்ந்ததில் 375 தொழிலாளர் மாண்டனர். 1989 நவம்பரில் மேற்கு வங்கத்து ராணிகஞ்சில், மகாவீர் சுரங்கத்தில் நீர் புகுந்தது. பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் துளைக்கிணற்றின் வழியே எஃகுக் கூண்டை இறக்கி 65 பேரை உயிருடன் மீட்டார். நீர் எங்கே, எவ்வளவு உயரத்தில் தேங்கியுள்ளது என்பதை அறிந்திருப்பது சுரங்கத் தொழிலாளரின் உயிர்க்காப்பு என்பதற்கு இவை சான்றுகளாகும்.

மட்டத்தை அளத்தல்

நீர்மட்டத்தை அறிவதற்குக் கண்காணிப்புக் குழாய்கள் அமைக்கப்படுகின்றன. துளையிட்ட நிலத்தில் ஒடுங்கிய குழாயை இறக்கி, ஆராய வேண்டிய அடுக்கிற்கு நேராக மட்டும் நீர் புகுவதற்குப் பிளவுகளை விட்டு, ஏனைய பகுதியைச் சுற்றிக் களிமண்ணால் அடைத்து விடுவர். இதனால் குழாயில் நிற்கும் நீர் அவ்வோர் அடுக்கின் அழுத்தத்தையே காட்டும். ஓரிடத்திலேயே வெவ்வேறு ஆழங்களில் குழாய்கள் இருப்பின், எவ்வடுக்கு வடிகின்றது, எது வடியாதுள்ளது என்பது புலனாகும்.

குழாயின் வாய் விளிம்பிலிருந்து நீர் வரையுள்ள ஆழத்தை அளவு நாடாவாலோ மின் உணரியாலோ அளப்பர். அவ்விளிம்பு கடல் மட்டத்திற்கு மேல் எவ்வளவு உயரத்திலுள்ளது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வுயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால்தான் ஒரு கிணற்றை மற்றொன்றோடு ஒப்பிடவியலும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளந்து வருகின்றது. சுரங்கத்தின் அருகே அளவீடு இன்னும் நெருக்கமாக அமைதல் நலம்.

ஈண்டு ஒரு வினா எழும். கோடையில் கிணறு வற்றியது மழைக் குறைவினாலா, சுரங்கத்தினாலா? ஊரார் சுரங்கத்தைச் சுட்டுவர். சுரங்கத்தார் வானத்தைச் சுட்டுவர். இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு மூன்று சான்றுகள் தேவை. முதலாவது, சுரங்கம் தொடங்குமுன் எடுத்த அளவீடு. இரண்டாவது, அப்பகுதியின் மழை அளவு. மூன்றாவது, சுரங்கத்தின் தாக்கம் எட்டாத தொலைவில், அதே வகைப் பாறையில் அமைந்த ஒப்பீட்டுக் கிணறு. மழை பெய்ததும் ஒப்பீட்டுக் கிணறு ஏறி, ஊர்க்கிணறு மட்டும் ஏறாது நிற்குமாயின் ஐயம் சுரங்கத்தின்மேல் திரும்பும்.

தன்மையை ஆராய்தல்

நிலக்கரியோடு கலந்துள்ள பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம், காற்றும் நீரும் பட்டவுடன் மாறுதலடைந்து கந்தக அமிலத்தையும் இரும்பையும் வெளிவிடுகின்றது. கந்தகம் மிகுந்த மேகாலய நிலக்கரிப் பகுதிகளில் ஓடைகளே அமிலமாகியுள்ளன. ஜரியா நிலக்கரியில் கந்தகம் குறைவு. ஆதலால் அங்குச் சுரங்க நீர் பெரும்பாலும் அமிலமாவதில்லை; கடினத்தன்மையும் சல்பேட்டும் கரைந்த உப்புகளுமே மிகுகின்றன. தெளிவாக இருப்பதனாலேயே நீர் தூயது எனக் கொள்ளலாகாது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் சல்பேட்டு 200 மில்லிகிராமும் கரைந்த திண்மங்கள் 500 மில்லிகிராமும் ஏற்கத்தக்க எல்லைகளாகும்.

மாதிரி எடுப்பதிலும் முறையுண்டு. குழாயில் தேங்கிக் கிடந்த பழைய நீரை முதலில் இறைத்து நீக்க வேண்டும். அமிலகாரக் குறியீட்டையும் மின்கடத்து திறனையும் அவ்விடத்திலேயே அளக்க வேண்டும். இரும்பை ஆராய்வதற்கான நீரை வடிகட்டிச் சிறிது நைட்ரிக் அமிலம் சேர்த்தல் வேண்டும். இன்றேல் இரும்பு புட்டியின் அடியிற் படிந்துவிட, ஆய்வகம் குறைவான அளவையே கூறும்.

சுரங்கம் மூடிய பின்

நிலக்கரி தீர்ந்து பொறிகள் நின்றதும் நீர் மீண்டும் ஏறத் தொடங்குகின்றது. வறண்ட வழிகளில் படிந்திருந்த உப்புகளைக் கரைத்துக்கொண்டே அது ஏறும். இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் நிலத்தைக் குடைந்து செல்லும் கடைசிச் சுரங்கங்கள் 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. ஆயினும், ஏறிவரும் சுரங்க நீர் குடிநீர் தரும் சுண்ணப்பாறை அடுக்கைக் கெடுத்துவிடாதபடி, டாடன், ஹார்டன் ஆகிய இடங்களில் நீரை இறைத்துத் தூய்மை செய்யும் நிலையங்கள் பின்னர் அமைக்கப்பட்டன. கடைசி வண்டி நிலக்கரி வெளியேறிய நாளோடு கண்காணிப்பு முடிவதில்லை என்பதை இது உணர்த்துகின்றது.

முடிவுரை

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை, தனியோர் அளவீடு வெறும் எண்ணே. ஆண்டுகள் பலவற்றின் அளவீடுகள் தொடர்ந்து நிற்கும்போதே அது சான்றாகின்றது. சுரங்கம் தொடங்குமுன் அளவாது விட்டதைப் பின்னர் எக்கருவியாலும் அளக்க முடியாது. அவ்வாறு அளந்த கணக்கும் அலுவலகக் கோப்பில் மட்டும் உறங்கலாகாது. கிணற்றுக்குரிய ஊராரும் சுரங்கத்துள் இறங்கும் தொழிலாளரும் படித்தறியும் மொழியில் அது அவர்கள் கையிலும் இருத்தல் வேண்டும். நீரை இழப்போரும் நீரால் உயிரிழப்போரும் அவர்களே அன்றோ!