ஐந்து நொடி ஆட்டம், ஐம்பது ஆண்டு வாக்குவாதம்

1969 மார்ச். ஒசாகா நகரில் சுமோ தொடரின் இரண்டாம் நாள். யோகோசுனா என்ற உச்சப் பட்டத்தில் இருந்த தைஹோ, அதுவரை 45 ஆட்டங்களில் தொடர்ந்து வென்றிருந்தார். அன்று அவருக்கு எதிரே நின்றவர் தோதா. மோதிய வேகத்திலேயே தைஹோவை வளையத்தின் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போனார் தோதா. இருவரும் விளிம்பில் தடுமாற, மேடை நடுவர் தன் விசிறியைத் தைஹோவின் பக்கம் நீட்டினார். கீழே சுற்றி உட்கார்ந்திருந்த நீதிபதிகளுக்கு அது சரியாகப் படவில்லை. மேடையேறிக் கூடிப் பேசித் தீர்ப்பைத் திருப்பிவிட்டார்கள். தைஹோவின் வெற்றி வரிசை 45-ஓடு நின்றது.

பிறகு படங்களைப் பார்த்தவர்களுக்குத் திக்கென்றது. தோதாவின் கால்தான் முதலில் வளையத்துக்கு வெளியே மண்ணைத் தொட்டிருந்தது. தைஹோ யாரையும் குறை சொல்லவில்லை. சந்தேகத்துக்கு இடம் கொடுத்து ஆடியது தன் பிழை என்ற பொருளில்தான் பேசினார். ரசிகர்களின் மனம் ஆறவில்லை. அடுத்து மே மாதம் நடந்த தொடரிலேயே நீதிபதிகளுக்கு வீடியோ உதவி வந்தது. கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் டிவியைப் பார்த்து சச்சின் டெண்டுல்கருக்கு அவுட் கொடுத்தது 1992-ல்தான். பழமையைக் கட்டிக் காப்பதாகப் பெயரெடுத்த சுமோ, அதற்கு 23 ஆண்டுகள் முன்பே கேமராவை நம்பத் தொடங்கிவிட்டது.

வீடியோ வந்தும் வாக்குவாதம் ஓயவில்லை. கால் எங்கே பட்டது என்பதைப் படம் காட்டிவிடும். அப்படி வென்றது முறைதானா, அந்த உடம்போடு அவரை மேடையேற விட்டிருக்கலாமா என்பதற்கெல்லாம் படத்தில் விடை கிடையாது. சுமோ ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடுவது இந்தக் கேள்விகளைப் பற்றித்தான். இவற்றில் கடைசிக் கேள்விக்குத்தான் இன்றைக்கு அவசரமாக விடை வேண்டும்.

மண்ணில் பதிந்த தடம்

சுமோவின் அடிப்படை விதி குழந்தைக்கும் புரியும். களிமண்ணை இறுக்கிக் கட்டிய மேடை. அதன்மேல் வைக்கோல் பொதிகளால் அமைந்த 4.55 மீட்டர் விட்டமுள்ள வளையம். வளையத்துக்கு வெளியே கால் வைத்தவர் தோற்றார். உள்ளே பாதத்தைத் தவிர உடம்பின் வேறு எந்த இடம் தரையில் பட்டாலும் தோற்றார். பல ஆட்டங்கள் ஐந்தாறு நொடிகளில் முடிந்துவிடும்.

வளையத்தை ஒட்டி வெளிப்புறம் மெல்லிய மணலைப் பரப்பி, துடைப்பத்தால் பெருக்கி மட்டமாக்கி வைத்திருப்பார்கள். குதிகால் உரசினாலும் தடம் தெரியும். தீர்ப்பில் சந்தேகம் எழுந்தால் கறுப்புக் கிமோனோ அணிந்த ஐந்து நீதிபதிகளும் மேடையேறுவார்கள். ஐவரும் முன்னாள் வீரர்கள். மணலைக் குனிந்து பார்ப்பார்கள். தலைமை நீதிபதியின் காதில் இருக்கும் கருவியில் வீடியோ அறையிலிருந்து தகவல் வரும். நடுவர் சொன்னது சரி, தவறு, மறுபடியும் மோதட்டும் என்ற மூன்றில் ஒன்றை முடிவு செய்து, மைக்கைப் பிடித்து அரங்கத்துக்கு விளக்கம் சொல்வார்கள். தலைமை நடுவர் இடுப்பில் ஒரு குறுவாள் செருகியிருப்பார். தவறான தீர்ப்புக்கு உயிரையே கொடுக்கத் தயார் என்பதன் அடையாளம் அது. இன்று அவர் தீர்ப்பு திருப்பப்பட்டால் சுமோ சங்கத்திடம் ராஜினாமா செய்ய முன்வருவது மரபு.

இவ்வளவு ஏற்பாட்டையும் மீறி ஒரு சிக்கல் உண்டு. மேலே இருப்பவர் எதிராளியின்மீது விழுந்து அவரை நசுக்கிவிடாமலிருக்கக் கையை ஊன்றினால், அந்தக் கை முதலில் தரையைத் தொட்டாலும் அவர் தோற்றவர் ஆகமாட்டார். ஆனால் கீழே இருப்பவர் மீளவே முடியாத நிலைக்குப் போயிருக்க வேண்டும். அந்த நிலையைச் சுமோவில் 'செத்த உடம்பு' என்பார்கள். செத்ததா, இன்னும் உயிர் இருக்கிறதா என்பதை எந்தக் கேமராவும் சொல்லாது. பார்ப்பவர் கண்தான் சொல்ல வேண்டும்.

1972 ஜனவரியில் யோகோசுனா கிதானோஃபுஜி, தகானோஹனாவின் காலை வெளிப்பக்கமாகக் கொக்கி போட்டுச் சாய்த்தார். மெலிந்த உடம்புக்காரரான தகானோஹனா வில்லாக வளைந்து, சரிந்துகொண்டே எதிராளியைத் திருப்பி எறிய முயன்றார். கிதானோஃபுஜியின் வலக்கை முதலில் மண்ணைத் தொட்டது. நடுவர் தகானோஹனாவுக்கு வெற்றி கொடுத்தார். அது எதிராளியைக் காக்க ஊன்றிய கை என்று சொல்லி, நீதிபதிகள் தீர்ப்பை மாற்றினார்கள். காத்த கையா, தன்னைத் தாங்கிக்கொண்ட கையா? ஜப்பானில் அந்தத் தலைமுறை ரசிகர்கள் இன்னமும் கட்சி பிரிந்து பேசும் விஷயம் இது.

2004 ஜூலையில் அதே கேள்வி தலைகீழாக வந்தது. கொத்தோனோவாகா வீசியதில் யோகோசுனா அசஷோர்யூ மல்லாந்து போனார். முதுகு தரையில் படாமல், கச்சையைப் பிடித்த பிடியை விடாமல் தொங்கினார். அவர்மேல் விழாமலிருக்கக் கொத்தோனோவாகா கையை ஊன்றினார். நடுவரின் விசிறி கொத்தோனோவாகாவைக் காட்டியது. நீதிபதிகள் மறு ஆட்டம் என்றார்கள். அதில் அசஷோர்யூ வென்றார், அந்தத் தொடரின் கோப்பையும் அவருக்கே போனது. மண்ணில் விழாத உடம்பு எப்படிச் செத்ததாகும் என்றது ஒரு கட்சி. அந்தரத்தில் மல்லாந்தவர் எங்கே மீளப்போகிறார் என்றது மறு கட்சி.

2019 மே மாதத் தொடரில் ஜார்ஜியா நாட்டுக்காரரான தொச்சினோஷினுக்கு நேர்ந்தது வேறு வகை. ஓசெக்கி என்ற இரண்டாம் உயர் பட்டத்தை மீட்க அவருக்கு 10 வெற்றிகள் வேண்டும். 13-ஆம் நாள் அசானோயாமாவை வென்றதாக நடுவர் அறிவித்தார். நீதிபதிகள் ஆறு நிமிடத்துக்கும் மேலாகப் பேசி, தொச்சினோஷினின் குதிகால் வெளியே பட்டுவிட்டது என்றார்கள். மணலில் தடம் இருந்ததா, வீடியோவில் தெரிந்ததா என்று அரங்கமே கொந்தளித்தது. மறுநாள் யோகோசுனா கக்குர்யூவை வீழ்த்திப் பத்தாவது வெற்றியைத் தொட்டு, தொச்சினோஷின் பட்டத்தை மீட்டுக்கொண்டார். கக்குர்யூ தோற்றதால் கோப்பை அசானோயாமாவுக்கு உறுதியானது.

ஒதுங்கினால் ஏச்சு

தந்திரம் பற்றிய சண்டைக்கு நடுவரே தேவையில்லை. சுமோவில் அங்கீகாரம் பெற்ற வெற்றி முறைகள் 82. முஷ்டியால் குத்துவது, குடுமியைப் பிடித்து இழுப்பது, கண்ணைக் குத்துவது, வயிற்றில் உதைப்பது, விரலை வளைப்பது போன்றவை தடை. பாய்ந்து வருபவருக்கு வழிவிட்டுப் பக்கவாட்டில் ஒதுங்குவதற்குத் தடை இல்லை. 'ஹென்கா' எனப்படும் இந்த உத்தியில் வருபவர் தன் வேகத்தாலேயே விழுந்துவிடுவார். விதி அனுமதிக்கிறது; ரசிகர்கள் மன்னிப்பதில்லை.

யார் ஒதுங்குகிறார் என்பதைப் பொறுத்தும் தீர்ப்பு மாறும். 1990-களில் மைனோஉமி என்ற குள்ள வீரர் இருந்தார். சேர்வதற்கான உயர வரம்பை எட்டத் தலையில் சிலிக்கான் வைத்துக்கொண்டவர். இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான அகெபோனோவை 1991-ல் அவர் சாய்த்தபோது அரங்கம் துள்ளியது. அவர் எந்த வித்தை காட்டினாலும் கைத்தட்டல்தான். சாதனை எண்ணிக்கையாக 45 கோப்பைகள் வென்ற ஹகுஹோ அதையே செய்தபோது கதை வேறானது. 2016 மார்ச், ஒசாகா. கடைசி நாளில் ஹருமாஃபுஜி பாய்ந்து வர, ஹகுஹோ ஒதுங்கினார். ஒரு நொடியில் ஆட்டம் முடிந்தது. 36-ஆவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, கூச்சலுக்கு நடுவே கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார் அவர்.

மறு ஆண்டு அதே ஊரில் மங்கோலியாவில் பிறந்த தெருனோஃபுஜியின் முறை. ஓசெக்கி பட்டத்தை மீட்கப் போராடிக்கொண்டிருந்த கொத்தோஷோகிகுவை 14-ஆம் நாள் ஒதுங்கி வீழ்த்தினார். கொத்தோஷோகிகுவின் வாய்ப்பு அதோடு போயிற்று. மங்கோலியாவுக்கே போ என்ற கத்தலும் கூட்டத்திலிருந்து வந்தது. உத்தியைக் கண்டிப்பது ரசிகரின் உரிமை. ஆனால் 2023 செப்டம்பரில் ஜப்பானியரான தகாகெய்ஷோ, 21 வயது அத்தமிஃபுஜியை இறுதி மோதலில் ஒதுங்கியே வென்றார். அவர்மீது விமர்சனம் வந்தது; சொந்த ஊருக்குப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இந்த வேறுபாட்டை நேர்மையான ரசிகர்கள் சுட்டிக்காட்டியே தீர வேண்டும்.

தெருனோஃபுஜி அன்று ஒதுங்கியதற்கு இன்னொரு காரணத்தையும் சொன்னார்கள். அவர் முழங்கால் நொந்துபோயிருந்தது.

வலியோடு வாங்கிய கோப்பை

இங்கேதான் காயத்தின் கதை தொடங்குகிறது. முதல் பிரிவு வீரரின் சராசரி எடை ஏறத்தாழ 160 கிலோ. எடைப் பிரிவுகள் கிடையாது. ஆண்டுக்கு ஆறு தொடர்கள், ஒவ்வொன்றிலும் 15 நாள், நாளுக்கு ஓர் ஆட்டம். வராத நாள் தோல்விக் கணக்கில் சேரும். பெரும்பாலான வீரர்களுக்கு எட்டு வெற்றிகள் இல்லையென்றால் தரவரிசையில் இறக்கம்.

2001 மே மாதம், 14-ஆம் நாள் ஆட்டத்தில் யோகோசுனா தகானோஹனாவின் முழங்கால் பிசகியது. 1972-ல் வில்லாக வளைந்த தகானோஹனாவின் மகன் இவர். தந்தையின் பெயரிலேயே ஆடினார். மறுநாள் விலகிக்கொள்ளலாம் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். அவர் வந்தார். முசாஷிமாருவிடம் முதல் மோதலில் தோற்றார். கோப்பைக்கான மறு மோதலில் அவரைத் தூக்கி எறிந்துவிட்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு நின்ற அந்தக் கோலம் ஜப்பானியர் நினைவில் அப்படியே இருக்கிறது. கோப்பையைக் கொடுத்த பிரதமர் கொய்சுமி, வலியைத் தாங்கிச் சாதித்ததைப் பாராட்டி, நெகிழ்ந்துவிட்டதாக மேடையிலேயே உரக்கச் சொன்னார். தகானோஹனா அதன்பின் தொடர்ந்து ஏழு தொடர்களுக்கு வரவில்லை. மறுபடி கோப்பை வெல்லவும் இல்லை. 2003 ஜனவரியில் ஓய்வு பெற்றார்.

கிசெனோசாத்தோவின் கதையும் அதே தடத்தில் போனது. 19 ஆண்டுகளுக்குப் பின் யோகோசுனா பட்டம் பெற்ற ஜப்பானில் பிறந்த வீரர் அவர். பட்டம் பெற்று ஆடிய முதல் தொடர், 2017 மார்ச். 13-ஆம் நாள் இடப்பக்க மார்பிலும் தோளருகிலும் தசை கிழிந்தது. கடைசி நாள் தோளைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, தெருனோஃபுஜியை இரண்டு முறை அடுத்தடுத்து வீழ்த்திக் கோப்பை வென்றார். தேசிய கீதம் ஒலித்தபோது அழுதார். நாடே கூட அழுதது. அந்தத் தோள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. யோகோசுனாவாக அவர் கணக்கு 36 வெற்றி, 36 தோல்வி, 97 நாள் வராமை. 2019 ஜனவரியில் விலகினார்.

2024 மார்ச்சில் தகெருஃபுஜி முதல் பிரிவில் ஆடிய முதல் தொடரிலேயே கோப்பையை வென்றார். 110 ஆண்டுகளில் யாரும் செய்யாத காரியம். அதுவும் 14-ஆம் நாள் வலது கணுக்காலில் அடிபட்டு ஆம்புலன்ஸில் போனவர், மறுநாள் கட்டுப்போட்ட காலோடு வந்து வென்றது. அடுத்த தொடருக்கு அவரால் வர முடியவில்லை. இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, நவம்பரில்தான் முதல் பிரிவுக்கு மீண்டார்.

இவர்கள் ஆடியது சரி என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அந்த ஒரு நாள் வாழ்நாளில் திரும்ப வராது, முடிவு வீரருடையது. ஆனால் வராத நாள் தோல்வி என்றிருக்கும்போது அந்த முடிவை வீரர் சுதந்திரமாக எடுக்கிறார் என்று எப்படிச் சொல்வது? தெருனோஃபுஜியின் வாழ்க்கையே சாட்சி. இரண்டு முழங்கால்களும் கெட்டு, நீரிழிவும் சேர்ந்து, ஓசெக்கியாக இருந்தவர் ஆறு பிரிவுகளில் ஐந்தாவதுவரை இறங்கினார். விலகிவிடுகிறேன் என்று பலமுறை சொல்லியும் அவருடைய குருநாதர் விடவில்லை. 2020-ல் மீண்டு வந்து கோப்பை வென்று, 2021-ல் யோகோசுனா ஆனார். அந்த உறுதி எல்லாருக்கும் வாய்க்காது.

2021 ஜனவரியில் தலையோடு தலை மோதித் தள்ளாடிய ஒரு வீரரை மறுபடி மோதவிட்டார்கள். அவர் வென்றும் கண்டனம் எழுந்தது. இப்படிப்பட்டவரை நீதிபதிகள் நிறுத்தலாம் என்று அந்த மாதமே விதி வந்தது. மார்ச்சில், கீழ்ப் பிரிவு வீரரான 28 வயது ஹிபிக்கிர்யூ தலைகீழாக விழுந்து சில நிமிடங்கள் அசையாமல் கிடந்தார். ஏப்ரல் இறுதியில் மருத்துவமனையில் இறந்தார். மூச்சுச் செயலிழப்பே காரணம் என்று சங்கம் அறிவித்தது. அவரைத் தூக்க ஏன் அத்தனை நேரம் ஆனது என்று ரசிகர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

1972 முதல் 2003 வரை ஒரு காப்பு இருந்தது. ஆட்டத்தில் காயப்பட்டவர் மருத்துவச் சான்றோடு அடுத்த தொடரைத் தவறவிட்டாலும் தரவரிசை குறையாது. சின்னக் காயத்துக்கும் சான்று வாங்குகிறார்கள் என்ற புகார் பெருகியதால் அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் புகாரில் உண்மை இருக்கலாம். அதற்கு மருந்து, சான்றைக் கடுமையாக்குவதுதான்: வீரரின் பயிற்சிக் கூடத்தோடு தொடர்பில்லாத மருத்துவர் பரிசோதிக்கட்டும், எலும்பு முறிவுக்கும் தசை நார்க் கிழிவுக்கும் தலைக் காயத்துக்கும் மட்டும் பொருந்தட்டும். இன்று மாதச் சம்பளம் பெறுவோர் முதல் இரண்டு பிரிவுகளில் உள்ள 70 பேர் மட்டுமே. இரண்டாம் பிரிவு வீரர் ஒரு தொடரை முழுதாகத் தவறவிட்டால் பெரும்பாலும் அந்த வரிசையிலிருந்து விழுந்து, மாதம் 11 லட்சம் யென் சம்பளத்தை இழக்கிறார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது அவர் மருத்துவரைவிடத் தரவரிசைப் பட்டியலைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் காப்பைத் திருத்தி மறுபடி கொண்டுவரச் சொல்லும் ரசிகர்கள் கேட்பது இந்த நிலைமை மாற வேண்டும் என்பதைத்தான்.