நினைவகச் சில்லுச் சந்தைச் சுழற்சி

நினைவகச் சில்லுச் சந்தைச் சுழற்சி என்பது கணினி, கைப்பேசி முதலியவற்றில் பயன்படும் நினைவகச் சில்லுகளின் விலை, தட்டுப்பாட்டில் ஏறியும் மிகையுற்பத்தியில் சரிந்தும் மாறி மாறி வருவதைக் குறிக்கும்.

காரணம்

ஒரு நிறுவனத்தின் டிராம் சில்லுக்கு ஈடாகப் பிறிதொன்றினதைப் பயன்படுத்தலாம். எனவே போட்டி பெரும்பாலும் விலையிலேயே நிகழ்கிறது. விலை ஏறும்போது நிறுவனங்கள் அனைத்தும் ஒருசேரப் புதிய ஆலைகளில் முதலிடுகின்றன. அவை இயங்கத் தொடங்கச் சில ஆண்டுகளாகும். அதற்குள் தேவை தணிந்தால் சில்லுகள் தேங்கும். பெரம்பலூர் மாவட்டத்தின் சின்ன வெங்காய விலையும் இதையொத்ததே. ஆனால் விலை வீழ்ந்தால் உழவர் அடுத்த பட்டத்தில் வேறு பயிரிடலாம். சில்லு ஆலைக்கு அவ்வாய்ப்பு அரிது. எந்திரங்களுக்கான பெருஞ்செலவு முன்பே முடிந்துவிடுவதால், விலை சரிந்த பின்னும் ஆலையை மூடுவதைவிட ஓட்டுவதே இழப்பைக் குறைக்கும். சரிவு நீடிப்பது இதனாலேயே.

விளைவுகள்

1985 இல் இன்டெல் டிராம் தொழிலிலிருந்து விலகியது. ஜெர்மனியின் கிமோண்டா 2009 இலும், ஜப்பானின் எல்பிடா 2012 இலும் நொடித்தன. எல்பிடாவை 2013 இல் மைக்ரான் வாங்கியது.

2025 இல் செயற்கை நுண்ணறிவு வழங்கிகளுக்கான நினைவகத்துக்கு உற்பத்தி திருப்பப்பட்டதால், சாதாரணக் கணினி நினைவகத்தின் விலை கடுமையாக உயர்ந்தது.

இந்தியா

சந்தை சரிந்திருந்த 2023 சூன் மாதத்தில், குஜராத்தின் சானந்தில் ஆலை அமைக்கப்போவதாக மைக்ரான் அறிவித்தது. மொத்த மதிப்பீடு 275 கோடி டாலர். அதில் 50 விழுக்காட்டை நடுவண் அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்றன. எனினும் இது சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் ஆலை மட்டுமே. சிலிக்கான் தகட்டில் சில்லு உருவாக்கும் பணி வெளிநாட்டு ஆலைகளிலேயே நடப்பதால், விலையேற்றத்திலிருந்து இந்திய நுகர்வோரை இவ்வாலை காக்க இயலாது.